தனித்தனியாகக் கேட்டவர்

சாப்பாட்டுக் கடையில் ரசம் தீர்ந்துவிட்டது என்று பரிமாறுகிறவர் சொன்னால் அக்கா நம்பமாட்டார். சரி என்று தலையாட்டுவார். கொஞ்ச நேரம் கழித்து வேறு ஒருவர் அப்பளம் கொண்டுவரும்போது, அப்போதுதான் நினைவு வந்தது போல, “ரசம் இருக்கா?” என்பார். அவரும் இல்லை என்றால் எழுந்து போய்க் கல்லாவில் இருப்பவரிடம் கேட்பார். மூன்று பேரும் இல்லை என்ற பிறகுதான் மோர் ஊற்றிக்கொள்வார். அதற்குள் சோறு ஆறிப்போயிருக்கும். பிரிக்ஃபீல்ட்ஸில் நாங்கள் வழக்கமாகச் சாப்பிடும் கடையில் அவர் தலை தெரிந்ததுமே ஒருவர் உள்ளே பார்த்து, “ரசம் இருக்கா இல்லையா, எல்லாரும் இப்பவே பேசி வச்சுக்குங்கப்பா, அக்கா வராங்க” என்று கத்துவார். அவருக்குக் கோபம் வராது. “பேசி வச்சுக்கிட்டா அது ஒரே ஆளு சொன்ன மாதிரிதான்” என்று சொல்லிக்கொண்டே உட்காருவார்.

நானும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். ஐம்பதைத் தாண்டியிருப்பார். செந்தூல் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மெத்தடிஸ்ட் கோயிலுக்குப் போவார். மற்ற நாட்களில் ஏர்கான் குளிருக்கு ஒரே ஒரு பழுப்பு ஸ்வெட்டர். களைப்பு இல்லாத முகத்தோடு அவரை நான் பார்த்ததில்லை. யாரையும் நம்பாமல் இருப்பது உடம்பு வேலை என்று அவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியாது. மெல்பர்ன் போய்விட்டார் என்று ஒருவர் சொன்னார், பினாங்கில் இருக்கிறார் என்று இன்னொருவர் சொன்னார். மூன்றாவது ஆளை நான் கேட்கவில்லை.

நான் டெங்கில் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவன். மூன்றாம் படிவத்தோடு பள்ளி நின்றது. லோரி அட்டெண்டர், கார் கழுவுமிடம், கையுறைத் தொழிற்சாலை, ஜொகூரில் கொஞ்ச காலம், சிங்கப்பூரில் கொஞ்ச காலம் என்று ஓடிக்கொண்டிருந்தேன். அவரிடம் வேலை கேட்டுப் போனபோது ஒரு கூட்டாளியின் வேனில் தூங்கிக்கொண்டிருந்தேன். அது பெரிய கஷ்டமில்லை. வேனில் கொசு குறைவு.

அவருடைய அலுவலகம் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேலே மாடியில் இருந்தது. வயரிங் தெரிந்த, ஊர் சுற்றச் சலிக்காத ஆள் வேண்டும் என்றார்கள். அவர் என்னிடம் சான்றிதழ் கேட்கவில்லை. முன்பு நான் வேலை பார்த்த மூன்று முதலாளிகளின் நம்பரைக் கேட்டார். என் எதிரிலேயே ஒவ்வொருவருக்கும் போன் போட்டு ஒரே கேள்வியைக் கேட்டார். “இவரு வேலைய விட்டுப் போனப்ப சொல்லிட்டுப் போனாரா?”

இருவர் இல்லை என்றார்கள். ஒருவர் ஆமாம் என்றார். எனக்குக் காது சுட்டது. எழுந்துவிடலாமா என்று பார்த்தேன்.

“ரெண்டு பேரு இல்லன்னு சொல்றாங்க” என்றார் அவர். “சொல்லாமப் போற ஆளு. சரி, தெரிஞ்சிடுச்சு. நாளைக்கு வாங்க தம்பி.”

அவர் செய்துகொண்டிருந்த வேலையை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். பெரிய கிளவுட் கம்பெனிகளின் கணினிகளில் சின்னச் சின்ன நிரல்களைப் போட்டு வைக்கலாம். அவை தூங்கிக்கொண்டிருக்கும். ஏதாவது நடந்தால் எழுந்து, கொடுத்த ஒரு வேலையைச் செய்துவிட்டு மறுபடி தூங்கிவிடும். இதற்கு சர்வர்லெஸ் என்று பெயர்.

“சர்வர் இல்லாம எப்படிக்கா ஓடும்?” என்று முதல் வாரம் கேட்டேன்.

“சர்வர் இருக்கு தம்பி. யாரோ ஒருத்தர் வீட்டுல இருக்கு. நம்ம கவலைப்பட வேணாம்னு சொல்றாங்க. அந்தக் கவலைப்படாம இருக்கிறதுதான் கோளாறு.”

அவருடைய அக்கா, நான் பெரியக்கா என்று கூப்பிட்டவர், கிள்ளானில் ஆற்றை ஒட்டிய தாழ்வான தாமானில், குடியிருப்புப் பகுதியில், இருந்தார். பெரியக்காவின் கணவர், எனக்கு அங்கிள், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. நடக்க முடியாது. அந்தத் தாமானில் முன்பு ஒரு வெள்ள எச்சரிக்கை சைரன் இருந்தது. ஒரு கம்பெனி அமைத்துக் கொடுத்தது. ஆறு ஏறினால் கிளவுடில் தூங்குகிற நிரல் எழுந்து சைரனை அடிக்க வேண்டும். கம்பெனியின் வங்கி அட்டை காலாவதியானதை யாரும் கவனிக்கவில்லை. கிளவுட் கணக்கை நிறுத்திவிட்டார்கள். வெள்ளம் வந்த அன்று நிரல் எழவில்லை. அங்கிள் சாப்பாட்டு மேசைமேல் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் மார்புக்கு வந்த பிறகு அண்டை வீட்டுக்காரர்கள் மெத்தையில் மிதக்கவிட்டுக் கொண்டுபோனார்கள்.

“சைரன் ரெடியா இருக்குன்னு அந்தக் கம்பெனியில ஒருத்தர் சொன்னாரு” என்றார் அக்கா. “ஒரே ஒருத்தர். நாங்களும் சரின்னு இருந்துட்டோம்.”

அதனால்தான் இப்படி ஆகிவிட்டார் என்று நினைத்தேன். பெரியக்காவிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். “அதெல்லாம் இல்லலா. இவ பொறந்ததுலேர்ந்தே இப்படித்தான். எனக்குக் காய்ச்சல்னு அம்மா சொன்னா, பக்கத்து வீட்டு ஆன்டியையும் வந்து தொட்டுப் பாக்கச் சொல்லுவா.”

அக்காவின் திட்டம் இதுதான். அதே நிரலை ஒரு கம்பெனியின் கணினியில் போடாமல், பல பேருடைய வீட்டிலும் கடையிலும் இருக்கும் சின்னப் பெட்டிகளில் போட வேண்டும். ஆற்றுப் பாலத்தடியில் மூன்று அளவுமானிகள். ஒவ்வொரு பெட்டியும் தனியாக எழுந்து, தனியாக நீர்மட்டத்தைக் கேட்டு, தனியாக விடை சொல்ல வேண்டும். பாதிக்கு மேல் ஒரே விடை வந்தால் அது எல்லாப் பெட்டிகளிலும் பதிவாகும். பதிந்ததை யாராலும் திருத்த முடியாது. பதிந்த மட்டம் பாலத்துத் தூணில் போட்ட அபாயக் குறியைத் தாண்டியிருந்தால் சைரன் அடிக்கும். ஒரு ஆள் நினைத்து நிறுத்தவும் முடியாது, ஒரு ஆள் நினைத்து அடிக்கவும் முடியாது. அவரையும் சேர்த்துத்தான்.

பெட்டிகளை ஊர் ஊராகக் கொண்டுபோய் வைப்பது என் வேலை. செந்தூல் அடுக்குமாடியில் ஒன்று, கம்போங் மேடானில் ஒரு சைக்கிள் கடையில் ஒன்று, டெங்கிலில் என் சித்தி வீட்டில் ஒன்று. பிளக் பாயிண்டுக்காகக் கெஞ்சுவதுபோல அலுப்பான வேலை வேறில்லை. எங்கள் அலுவலகத்துக்குக் கீழே, பூக்கடைக்குப் பக்கத்தில் இருந்த முடிதிருத்தகக்காரர் தமிழ்நாட்டிலிருந்து வேலைப் பெர்மிட்டில் வந்தவர். பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“இது பிட்காயினா?”

“இல்லண்ணே. ஆத்துல தண்ணி ஏறுனா சைரன் அடிக்கச் சொல்ற பெட்டி.”

“ஆறு எங்க இருக்கு?”

“கிள்ளான்ல.”

“தண்ணி கிள்ளான்ல வருது, பெட்டி எதுக்கு என் கடையில?”

“அங்கயே வச்சா தண்ணி வந்தா பெட்டியும் முழுகிடும்லா.”

அவர் யோசித்தார். “நான் போயே இருக்காத ஊருக்கு நான் காவல்காரன்” என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிவிட்டு, முடி உலர்த்தும் கருவியைப் பிடுங்கி எனக்கு பிளக்கைக் கொடுத்தார்.

பெட்டி வைத்தது சுலபம். நிரலைப் பழக்குவதுதான் அக்காவை வாட்டியது. கிளவுடில் ஓடுகிற நிரலுக்குச் சில பழக்கங்கள் உண்டு. அடிக்கடி மணி பார்க்கும். கிளவுடில் அந்த வேலையை ஒரு கணினிதான் செய்கிறது, கேட்பதும் ஒரே கடிகாரத்தை. எங்கள் பெட்டிகளிலோ ஒவ்வொன்றிலும் ஒரு கடிகாரம். ஒன்று கொஞ்சம் முந்தும், ஒன்று கொஞ்சம் பிந்தும். மணி கேட்டால் விடை மாறும். விடை மாறினால் ஒன்றும் பதிவாகாது. இப்படி மணி பார்க்கிற இடம், சீட்டுக் குலுக்குவதுபோல எண் எடுக்கிற இடம் எல்லாவற்றையும் மாதக்கணக்கில் தேடித் தேடிப் பிடுங்கினார். ஒருநாள் நான் தாமதமாகப் போய், “நிரலே மணி பாக்கக் கூடாதுன்னா நான் மட்டும் ஏன்க்கா பாக்கணும்?” என்றேன். அவர் சிரித்து நான் பார்த்தது அபூர்வம். அன்று சிரித்தார். சம்பளத்தில் பிடிக்கவில்லை.

காய்ந்த மாதங்களில் சோதித்தோம். எல்லாப் பெட்டிகளும் ஒரே குரலில் பேசின.

முதல் பெருமழை ஒரு பிற்பகலில் வந்தது. நான் தாமானின் பாலாய் ராயாவில், பொது மண்டபத்தில், சைரன் கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு கேபிளை மாற்றிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது.

“தம்பி, ஆறு எங்க இருக்கு?”

“கரையத் தொட்டுருச்சுக்கா. லோங்காங் சாக்கடைத் தண்ணி திரும்பி ரோட்டுக்கு வருது. சைரன் ஏன் இன்னும் அடிக்கல?”

அந்தப் பக்கம் விசைப்பலகைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மெல்லச் சொன்னார். “ஒவ்வொரு பெட்டியும் வேற வேற நம்பர் சொல்லுது.”

என்ன ஆனது என்று பின்னால்தான் எனக்கு விளங்கியது. எல்லாப் பெட்டிகளும் அளவுமானியை ஒரே நொடியில் கேட்பதில்லை. முன்பின் இருக்கும். காய்ந்த நாளில் ஆறு அசையாமல் கிடக்கும், எப்போது கேட்டாலும் ஒரே விடை. அன்று ஆறு ஓட்டமாக ஏறிக்கொண்டிருந்தது. ஒன்று பார்த்த உயரத்தை அடுத்தது பார்க்கவில்லை. எல்லாம் சொன்னது உண்மை. எந்த இரண்டும் ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போகாவிட்டால் அடிக்காதே என்பது அக்கா போட்ட சட்டம். தண்ணீர் எவ்வளவு வேகமாக ஏறியதோ அவ்வளவு உறுதியாக சைரன் வாய் மூடியிருந்தது. வெள்ளம் வந்துவிட்டது என்று எல்லாப் பெட்டிகளுக்கும் தெரியும். எத்தனை சென்டிமீட்டர் என்பதில்தான் தகராறு.

“பக்கத்துல வேற யாராவது இருக்காங்களா?” என்றார். பழக்கம்.

“யாரும் இல்லக்கா. நான் மட்டும்தான்.”

விசைப்பலகைச் சத்தம் நின்றது. பிறகு, “சைரன் பெட்டியத் தொறந்து ரெண்டு கம்பியையும் சேர்த்துருங்க” என்றார்.

சேர்த்தேன். தாமான் முழுக்க அலறியது. எதிர்வீட்டு மாடிக்கு அங்கிளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். தண்ணீர் முட்டிவரை வந்து நின்றது. பெரியக்காவின் ஃப்ரிட்ஜும் சோபாவும் போயின. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்த வாரமே, திட்டத்துக்கு நிதி கொடுத்தவர்களின் ஆள் மாடியேறி வந்தார். கையில் கேக் பெட்டி. “சூப்பர்லா! இன்னும் சில தாமானுக்குப் போட்டுடலாம்” என்றார்.

“அது வேலை செய்யல” என்றார் அக்கா. “இவரு கையால அடிச்சாரு.”

வந்தவர் என்னைப் பார்த்தார். நான் ஏர்கானைப் பார்த்தேன்.

“அடிச்சுச்சுதானே? அது போதும்லா.”

“பெட்டிங்க அடிக்கல. அதுங்க அடிக்கிற வரைக்கும் வேற எங்கயும் போடாதீங்க.”

கேக்கை வைத்துவிட்டு, அடுத்த மழை வரைக்கும் பார்ப்பதாகவும், அதற்கு மேல் மேலிடத்தில் பேச முடியாது என்றும் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

“சும்மா இருந்திருக்கலாம்க்கா” என்றேன். “உங்களுக்கும் எனக்கும் மட்டும்தானே தெரியும்.”

“இன்னொரு தாமான்ல போட்டு, அங்க கம்பியச் சேர்க்க நீங்க இல்லன்னா?”

நிரலை அவர் சீக்கிரமே திருத்திவிட்டார். பெட்டிகள் ஒரே எண்ணைச் சொல்லத் தேவையில்லை. தாம் பார்த்ததைச் சொன்னால் போதும். எல்லா எண்களையும் சின்னதிலிருந்து பெரியது வரை வரிசையில் நிறுத்தி, நடுவில் நிற்பதை எடுத்துக்கொள்ளும். “அவ்வளவுதானாக்கா?” என்றேன். “அவ்வளவுதான்” என்றார். இவ்வளவு சின்ன விஷயம் முன்பே தோன்றவில்லையே என்பது அவர் குரலில் இருந்தது. கேக்கை இரண்டு பேரும் தொடவில்லை. எறும்பு வந்ததும் முடிதிருத்தகத்துக்குக் கொடுத்தனுப்பினோம்.

அதற்குள் கம்பி விஷயம் தாமானில் பரவிவிட்டது. யாரோ விளையாட்டுக்குப் பெட்டியைத் திறந்து சேர்த்தார்கள். எல்லாரும் அலறியடித்து வெளியே வந்து, வெயிலைப் பார்த்துத் திட்டிவிட்டுப் போனார்கள். அடுத்த தடவை பாதிப் பேர் வெளியே வரவில்லை. அக்கா என்னிடம் சைரன் பெட்டியை வெல்டிங் வைத்து மூடச் சொன்னார்.

பெரியக்கா வீட்டில் அன்று பெரிய சண்டை.

“மூடாதடி. அந்தக் கம்பிதான் இவர காப்பாத்துச்சு.”

“கம்பி இல்ல. இந்தத் தம்பி.”

“சரி, தம்பிதான். மறுபடி பெட்டி மக்கர் பண்ணா?”

“கம்பி இருந்தா இன்னும் ரெண்டு தடவ எவனாவது அடிப்பான். அப்புறம் உண்மையா அடிச்சாலும் ஒருத்தரும் எந்திரிக்க மாட்டீங்க.”

அங்கிள் கோணிய வாயால் மெதுவாகச் சொன்னார். “எனக்கு ரெண்டும் வேணாம். மாடி வீடு ஒண்ணு பாருங்க.”

“மாடி வீட்டுக்கு யாரு அத்தான் உங்களத் தினமும் தூக்குறது?”

“அதுக்கு ஒரு நிரல் எழுதேன்.”

பெரியக்காவே சிரித்துவிட்டார். ஆனால் அக்கா விடவில்லை. வெளியே வந்ததும் என்னிடம், “அன்னிக்கு நீங்க சொன்னத அப்படியே நம்பிட்டேன் தம்பி” என்றார்.

“சரியாத்தானேக்கா சொன்னேன்?”

“சரியாத்தான் சொன்னீங்க. இருந்தாலும் அது சரியில்ல.”

எனக்கு வலித்தது. வலித்தாலும் வெல்டிங் வைத்தேன். இதுவரை எத்தனையோ பேர் என்னை நம்பாமல் இருந்திருக்கிறார்கள். அதை என் கையாலேயே இரும்பில் ஒட்டவைத்தது அதுதான் முதல் தடவை. பொறி பறக்கும்போது அவர் பின்னால் நின்று, “உங்களுக்கு மட்டும் இல்ல, எனக்கும் சேர்த்துத்தான் மூடுறோம்” என்றார். சொல்லாமல் வேலையை விட்டுப் போகும் எண்ணம் அன்று வந்தது. ஏனோ போகவில்லை.

அடுத்த பெருமழையும் ஒரு பிற்பகலில்தான் வந்தது. அக்கா திரைக்கு முன்னால் உட்காரவில்லை. கொம்யூட்டர் ரயில் பிடித்துக் கிள்ளானுக்கே வந்துவிட்டார். பாலாய் ராயா வாசலில் குடையோடு நின்றார். லோங்காங் நிறைந்து தண்ணீர் திரும்பி மேலே வரத் தொடங்கியிருந்தது. தெருவில் கதவுகள் பாதி திறந்திருந்தன. ஒரு மலாய்க்கார அம்மா எட்டிப் பார்த்து, “பெலும் பூஞி லாகி, தாப்பாலா,” இன்னும் அடிக்கவில்லை, பரவாயில்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். முன்பு தண்ணீரைப் பார்த்து ஓடியவர்கள் இப்போது சைரனுக்காகக் காத்திருந்தார்கள். இது அடிக்காவிட்டால், இல்லாமல் இருந்ததைவிட மோசம்.

“அங்கிளையாவது இப்பவே மேல கொண்டு போயிடலாம்க்கா.”

“சொல்லிப் பாத்துட்டேன். வரமாட்டேங்குறாரு.”

பக்கத்திலேயே இருந்த பெரியக்கா வீட்டுக்குள்ளிருந்து அங்கிளின் குரல் கேட்டது. “சைரன் அடிக்கட்டும், வரேன். மச்சினிச்சி சொன்னா நான் ஏன் நம்பணும்? அவ ஒரு ஆளுதானே!” அவரைத் தூக்க வந்த எதிர்வீட்டு அண்ணன்மார் இருவர் நாற்காலியின் இரண்டு பக்கமும் நின்று என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தார்கள். பெரியக்கா இருவரையும் சேர்த்துத் திட்டிக்கொண்டிருந்தார், புருஷனையும் தங்கச்சியையும்.

தண்ணீர் ரோட்டுக்கு வந்தது. என் செருப்பு நனைந்தது. “கிரைண்டர் வேன்ல இருக்குக்கா. வெல்டிங்க வெட்டித் தொறந்துடட்டுமா?”

“இருங்க.”

“அக்கா, கணுக்கால் வரைக்கும் வந்துருச்சு.”

“இருங்க தம்பி.” உதடு அசைந்தது. ஜெபமா வேறு ஏதாவதா தெரியவில்லை. பாலத்துப் பக்கம் பார்த்த கண்ணை அவர் எடுக்கவே இல்லை. செந்தூலிலும் கம்போங் மேடானிலும் டெங்கிலிலும், ஆறு எப்படி இருக்கும் என்றே தெரியாத அந்த முடிதிருத்தகத்திலும், பெட்டிகள் எழுந்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

சைரன் அடித்தது.

தலைக்கு மேலேயே அடித்ததால் உடம்பு தூக்கிப்போட்டது. கதவுகள் எல்லாம் திறந்தன. அந்த மலாய்க்கார அம்மா ஒரு பேரனை இடுப்பிலும் ஒரு பையைக் கையிலும் தூக்கிக்கொண்டு எங்களைக் கடந்து ஓடினார். நாற்காலியோடு அங்கிள் வெளியே வந்தார், இடது கையைத் தேர்தலில் ஜெயித்தவர்போல ஆட்டிக்கொண்டு. “தூக்குங்க, தூக்குங்க, இப்ப தூக்குங்க!” பின்னால் மருந்துப் பையோடு பெரியக்கா. “மசமசன்னு நிக்காதடி, மேல போ! அடிச்சா எல்லாரும் மேல போகணும்னு நீதானே ஊருக்கெல்லாம் சொன்ன?”

எனக்கு ஒரு சந்தேகம். ஆறு உண்மையிலேயே குறியைத் தாண்டிவிட்டதா, இல்லை நடு எண் ஏதாவது தப்பா? நான் பாலத்துப் பக்கம் இரண்டு எட்டு வைத்தேன். மழையில் குறி சரியாகத் தெரியவில்லை. கேட்கலாம் என்று திரும்பினால் அக்கா அங்கே இல்லை.

குடையை மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டு, அங்கிளின் நாற்காலிக் காலை ஒரு கையால் தாங்கியபடி, எதிர்வீட்டு மாடிப்படியில் எல்லாருக்கும் கடைசியாக ஏறிக்கொண்டிருந்தார். தண்ணீரைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.